மூன்று வேலைகளிலும் ஒரே கதை: உளவியக்க அணுகுமுறையில் இன்று எது மிச்சம்?

நீர்முள்ளி

வணக்கம். இங்கே பல வருடமாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

8 வருடத்தில் 3 வேலையை விட்டிருக்கிறேன். இப்போது இருப்பது நான்காவது. சம்பளம் போதவில்லை, வேலை பிடிக்கவில்லை என்றெல்லாம் இல்லை. மூன்று இடத்திலும் நடந்தது ஒன்றுதான். சேர்ந்த புதிதில் மேலதிகாரி பாராட்டுவார். நான் அவரைத் தலைமேல் தூக்கி வைத்துக்கொள்வேன். ஒருநாள் அவர் சின்னதாக ஒரு குறை சொல்வார். "இரண்டாம் பக்கம் சரியாக வரவில்லை, மாற்றிக் கொடுங்கள்" என்ற அளவில்தான் இருக்கும். அன்று ராத்திரி தூக்கம் போய்விடும். மறுநாளிலிருந்து அவர் முகத்தைப் பார்க்க மாட்டேன். கேட்டதற்கு ஒற்றைச் சொல்லில் பதில். சில மாதத்தில் ராஜினாமா. மூன்றாவது கடிதத்தை எழுதும்போதுதான் கவனித்தேன், முதல் இரண்டிலும் இருந்த அதே வரி தானாகக் கையில் வருகிறது: "உங்கள் எதிர்பார்ப்பை என்னால் நிறைவேற்ற முடியவில்லை." அப்படி யாருமே என்னிடம் சொன்னதில்லை.

உளவியக்க முறையில், அதாவது ஃபிராய்டின் உளப்பகுப்பாய்விலிருந்து வளர்ந்த பேச்சுச் சிகிச்சையில், பயிற்சி பெற்ற ஒரு சிகிச்சையாளரிடம் இப்போது போகிறேன். வாரம் ஒருமுறை. அறிவுரை சொல்வதில்லை, வீட்டுப்பாடம் தருவதில்லை, நிறையக் கேட்கிறார். ஐந்தாம் வாரம் அவர் பத்து நிமிடம் தாமதமாக வந்து மன்னிப்புக் கேட்டார். "அய்யோ, ஒன்றுமே இல்லை" என்று சிரித்தேன். ஆறாம் வாரம் போக மறந்தே போனேன். எதையும் மறக்காத ஆள் நான். ஏழாம் வாரம் அவர் கேட்டார்: "நான் தாமதமாக வந்ததற்கும் நீங்கள் வராமல் போனதற்கும் ஏதாவது தொடர்பு இருக்குமா?" எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மறதிக்கெல்லாமா அர்த்தம் தேடுவது?

என் நண்பன் ஒருவன், "ஃபிராய்டையெல்லாம் தூக்கிப் போட்டு 50 வருடம் ஆகிறது, பணத்தை வீணாக்காதே" என்கிறான். கல்லூரியில் படித்தது இட், ஈகோ, சூப்பர் ஈகோ என்ற அரைப்பக்கம்தான். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இந்த அணுகுமுறையில் இன்றைக்கும் நிற்பது எது, விழுந்துபோனது எது?

---

எரிகல்

உங்கள் நண்பர் சொல்வதில் பெரும்பகுதி சரி என்பதே என் எண்ணம். வேதனையில் இருப்பவரிடம் வாதம் செய்ய வரவில்லை. கேட்டதால் சொல்கிறேன்.

முதலில் அடித்தளம். உளப்பகுப்பாய்வின் முதல் நோயாளியாகக் காட்டப்படுபவர் "அன்னா ஓ." வியன்னா மருத்துவர் யோசஃப் பிரோயர் 1880 முதல் 1882 வரை அவருக்குச் சிகிச்சை அளித்தார். "பேச்சு வைத்தியம்" என்ற பெயரை வைத்தவரே அந்தப் பெண்தான். 1895-இல் பிரோயரும் ஃபிராய்டும் சேர்ந்து வெளியிட்ட புத்தகம் அவர் குணமடைந்ததாகச் சொல்கிறது. ஆனால் 1882-இல் பிரோயரின் சிகிச்சை முடிந்த கையோடு அவர் சுவிட்சர்லாந்தில் ஒரு சானடோரியத்தில் சேர்க்கப்பட்டார் என்று பின்னால் கிடைத்த ஆவணங்கள் காட்டுகின்றன. அவருடைய உண்மைப் பெயர் பெர்த்தா பாப்பன்ஹைம். பிற்காலத்தில் பெண்கள் உரிமைக்கும் ஆதரவற்ற குழந்தைகளுக்கும் பெரும்பணி செய்தவர். எழுந்து நின்றது அவருடைய சொந்த வலிமையில். அந்தப் பெருமையை வைத்தியத்துக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்தது, அறிவியல் தத்துவவாதி கார்ல் பாப்பர் 1963-இல் வந்த நூலில் எழுப்பிய கேள்வி. ஒருவன் குழந்தையைத் தண்ணீரில் தள்ளுகிறான். இன்னொருவன் உயிரைக் கொடுத்துக் குழந்தையைக் காப்பாற்றுகிறான். முதலாமவனுக்கு உள்ளே அமுக்கப்பட்ட ஆசை, இரண்டாமவன் அதே ஆசையை மேன்மையாக மடைமாற்றியவன். நேரெதிரான இரண்டு செயலுக்கும் ஒரே கோட்பாடு சிரமமில்லாமல் விளக்கம் தந்துவிடுகிறது. எதுவுமே தன்னைப் பொய்யாக்க முடியாத கோட்பாடு எதைக் கணிக்கும்?

உங்கள் மறதியும் அப்படித்தான். "ஆமாம், கோபம்தான்" என்றால் அவர் சரி. "இல்லை" என்றால் அது உங்கள் எதிர்ப்பு, அப்போதும் அவர் சரி. சி.பி.டி. என்ற அறிதல்-நடத்தைச் சிகிச்சையில் இந்தச் சிக்கல் இல்லை. எந்த எண்ணம் வந்தது, அதற்குச் சான்று என்ன, அடுத்த முறை வேறு என்ன செய்யலாம் என்று நேராகப் போகும். அதை முயன்று பாருங்கள்.

---

ஆழ்கிணறு

நீர்முள்ளி, நான் ஆலோசகராக 11 ஆண்டு வேலை செய்கிறேன். எரிகல் சொன்னதில் நான் மறுக்காதது நிறைய இருக்கிறது. அதைப் பற்றி அப்புறம் பேசுகிறேன். அந்த அரைப்பக்கப் பாடம் இந்த அணுகுமுறைக்குச் செய்த அநியாயத்தை முதலில் கொஞ்சம் சரிசெய்ய வேண்டும்.

"உளவியக்கம்" என்ற பெயரிலேயே விஷயம் இருக்கிறது. ஃபிராய்டு இளமையில் எர்ன்ஸ்ட் ப்ரூக்கேயின் உடலியங்கியல் ஆய்வகத்தில் வேலை செய்தவர். உயிருள்ள உடலை ஒன்றையொன்று தள்ளும் விசைகளின் கூட்டமாகப் பார்த்த காலம் அது. அந்தப் பார்வையை அவர் மனதுக்குக் கொண்டுவந்தார். மனம் தனக்குள்ளேயே இழுபறியில் இருக்கிறது. வெளியே தெரியும் நடத்தை அந்த இழுபறியில் எட்டிய சமரசம். இதுதான் கரு. மற்றதெல்லாம் இதற்குமேல் கட்டியது. கட்டியதில் பல சுவர் இடிந்துவிட்டது, உண்மைதான்.

இட், ஈகோ என்ற சொற்களைப் பார்த்தாலே ஏதோ உறுப்புகளின் பெயர் போலத் தோன்றும். அவை ஆங்கில மொழிபெயர்ப்புக்காக லத்தீனிலிருந்து எடுத்தவை. 1923-இல் ஃபிராய்டு ஜெர்மனில் எழுதியது வீட்டில் பேசும் சாதாரணச் சொற்கள்: "அது", "நான்", "மேல்-நான்". தமிழில் இப்படியே சொல்லிப் பாருங்கள், எவ்வளவு தெளிவாகிறது. "எனக்கு வேண்டாம் என்றுதான் இருந்தேன், என்னவோ அது என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டது" என்று நாம் பேசுவதில்லையா? அந்த "அது"தான். அதே நூலில் "நான்" என்பதைக் குதிரைமேல் இருப்பவனுக்கு ஒப்பிடுகிறார். குதிரைக்குப் போக வேண்டிய இடத்துக்கே அதை ஓட்டிக்கொண்டு போய், தான் விரும்பித்தான் வந்ததாக அவன் பல சமயம் நினைத்துக்கொள்கிறான்.

இன்னொரு படமும் எனக்குப் பிடிக்கும். 1917-இல் வெளியான விரிவுரைகளில் வருவது. ஒரு பெரிய முன்கூடம், அதில் எண்ணங்கள் நெரிசலாக நிற்கின்றன. அடுத்து ஒரு சிறிய வரவேற்பறை, அங்கே நனவு உட்கார்ந்திருக்கிறது. வாசற்படியில் ஒரு காவலன் யாரை உள்ளே விடுவது என்று பார்க்கிறான். மனதைப் பனிப்பாறையாக வரைந்து, தண்ணீருக்கு அடியில் இருப்பதை நனவிலி என்று காட்டும் பாடநூல் படத்தில் இந்தக் காவலன் கிடையாது. அதனால் நனவிலி என்றால் ஆழத்தில் சும்மா கிடப்பது என்று மாணவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அது கிடப்பதில்லை, வாசலில் நின்று தட்டுகிறது, காவலன் தள்ளுகிறான், அது வேடம் மாற்றிக்கொண்டு திரும்பவும் வருகிறது.

அந்தக் காவலன் வேலை செய்யும் விதங்களைத்தான் தற்காப்புகள் என்கிறோம். ஃபிராய்டின் மகள் அன்னா ஃபிராய்டு 1936-இல் அவற்றை ஒழுங்குபடுத்தி எழுதினார். தன் கோபத்தை எதிராளியின் கோபமாகப் பார்ப்பது. பிடிக்காதவரிடம் அளவுக்கு மீறிக் குழைவது. அடிபட்ட இடம் ஒன்று, கத்தும் இடம் வேறு. நடந்ததை ஒரு சொட்டு உணர்ச்சியும் இல்லாமல் செய்தி வாசிப்பது போலச் சொல்வது. இவற்றைப் பார்க்க ஃபிராய்டை நம்ப வேண்டியதே இல்லை, ஒரு குடும்பத்தில் ஒரு வாரம் இருந்தால் போதும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உளச்சிகிச்சையாளர் டேவிட் மாலன் 1979-இல் எழுதிய நூலில் வரும் ஒரு முக்கோணம் எங்களுக்குத் தினமும் கைகொடுப்பது. ஒரு முனையில் மறைந்திருக்கும் உணர்வு. இன்னொன்றில் அது வெளியே வந்தால் என்ன ஆகுமோ என்ற பயம். மூன்றாவதில் அந்தப் பயத்தைத் தவிர்க்க நாம் செய்யும் தற்காப்பு. நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துப் பார்த்தால், "அய்யோ, ஒன்றுமே இல்லை" என்ற சிரிப்பு தற்காப்பாக இருக்கலாம். "இருக்கலாம்" என்பதைக் கவனியுங்கள். உங்கள் சிகிச்சையாளரும் "தொடர்பு இருக்குமா?" என்றுதான் கேட்டிருக்கிறார், "இருக்கிறது" என்று சொல்லவில்லை. அந்தச் சின்ன வித்தியாசத்தில்தான் இந்தத் தொழிலின் நாணயமே இருக்கிறது.

---

எரிகல்

அந்த வித்தியாசம் ஃபிராய்டிடமே இருந்ததா? டோரா வழக்கை வாசித்தவர்கள் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். 18 வயதுப் பெண். அவள் அப்பாவுக்கு ஒரு குடும்ப நண்பரின் மனைவியோடு உறவு. அந்த நண்பர் இந்தப் பெண்ணிடம், அவள் சிறுமியாக இருந்தபோதே, தகாத முறையில் நடந்துகொள்கிறார். வீட்டில் சொன்னால் கற்பனை என்கிறார்கள். 1900-இல் அவளை ஃபிராய்டிடம் கொண்டுவிடுகிறார் அப்பா. ஃபிராய்டு நடந்ததை நம்புகிறார். ஆனால் அவளுக்கு அந்த ஆள்மேல் உள்ளூர ஆசை என்று சாதிக்கிறார். அவள் மறுக்க மறுக்க அதையே சான்றாக எடுத்துக்கொள்கிறார். 11 வாரத்தில் அவள் எழுந்து போய்விட்டாள். அவள் செய்ததுதான் சரி.

---

ஆழ்கிணறு

சரிதான். பயிற்சிக் காலத்தில் அந்த வழக்கை வாசித்தபோது எனக்கும் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "நீ சொல்வது சரிம்மா" என்று சொல்ல வேண்டும்போல இருந்தது.

ஆனால் அந்தத் தோல்வியிலிருந்துதான், என் கணிப்பில், இந்த அணுகுமுறையின் மிகப் பயனுள்ள கருத்து தெளிவானது. 1905-இல் வழக்கை வெளியிட்டபோது ஃபிராய்டு கடைசியில் ஒரு பின்னுரை சேர்த்தார். நோயாளி தன் வாழ்க்கையின் முக்கியமான மனிதர்களிடம் கொண்ட உணர்வுகளை மருத்துவர்மேல் ஏற்றுகிறார். டோரா விஷயத்தில் அதைத் தான் உரிய நேரத்தில் கையாளவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். டிரான்ஸ்ஃபரன்ஸ் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். டோராவுக்கு நடந்தது முழுவதையும் அது விளக்கிவிடாது, ஃபிராய்டின் தவறையும் அது மூடிவிடாது. இருந்தாலும் கருத்து நின்றுவிட்டது.

மனிதர்கள் பழைய உறவைப் பற்றிப் பேசுவதோடு நிற்பதில்லை, எதிரில் இருப்பவரோடு அதைத் திரும்ப நடத்துகிறார்கள். ஒருவர் என்னிடம் மூன்று மாதம் எல்லாவற்றுக்கும் "ரொம்ப நன்றி, நீங்கள் சொன்னது அப்படியே சரி" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு ஏதோ மூச்சு முட்டுவது போல இருந்தது. அந்த மூச்சுமுட்டல்கூட எங்களுக்கு ஒரு தகவல். ஒருநாள் கேட்டேன்: "நான் சொன்னதில் ஒன்றாவது தப்பாக இருந்திருக்குமே, எது?" நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "தப்பு என்று சொன்னால் நீங்கள் என்னைப் பார்க்க மாட்டீர்கள்" என்றார். (அடையாளம் தெரியாமல் இருக்க விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) இதை எந்த வினாத்தாளிலும் அவரால் எழுதியிருக்க முடியாது. அந்த அறையில், அந்த நேரத்தில், என்னோடு நடந்ததால்தான் வெளியே வந்தது.

நீர்முள்ளி, மூன்று மேலதிகாரிகள், இப்போது ஒரு சிகிச்சையாளர். நாலாவது கதை அதே மாதிரி தொடங்குகிறதா என்று நீங்களே பாருங்கள். நான் முடிவு சொல்ல மாட்டேன்.

---

புதுமாணவி

நடுவுல வர்றேன், மன்னிக்கணும். எனக்கு அடுத்த வாரம் பரீட்சை. உளப்பகுப்பாய்வும் உளவியக்க அணுகுமுறையும் ஒண்ணுதானா? யுங், ஆட்லர் எல்லாம் எதுல வருவாங்க?

---

ஆழ்கிணறு

உளப்பகுப்பாய்வு என்றால் ஃபிராய்டின் முறையும் அதிலிருந்து நேராக வளர்ந்ததும்: வாரத்தில் பல நாள், மஞ்சத்தில் படுத்து மனதில் வருவதையெல்லாம் தணிக்கை இல்லாமல் சொல்வது. உளவியக்கம் என்பது பெரிய குடை. ஆட்லர் 1911-இல் ஃபிராய்டிடமிருந்து பிரிந்து தாழ்வுணர்ச்சியையும் சமூக ஈடுபாட்டையும் முன்வைத்தார், யுங் 1913 வாக்கில் பிரிந்தார். இருவரும் குடைக்குள்தான். கேரன் ஹார்னி பெண்களைப் பற்றி ஃபிராய்டு எழுதியதை முகத்துக்கு நேராக மறுத்தவர், எரிக்சன் வளர்ச்சியை முதுமை வரை நீட்டி 8 கட்டமாக்கியவர், அவர்களும் இதற்குள் வருவார்கள். பரீட்சைக்கு இது போதும். பரீட்சை முடிந்ததும், குழந்தை மருத்துவராகவும் உளப்பகுப்பாய்வாளராகவும் இருந்த வின்னிகாட்டை வாசிம்மா.

---

இரவுப்பணி

குழந்தைகள் பிரிவில் 20 வருடம் செவிலியாக இருந்தேன். கோட்பாடு எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

பயிற்சியில் எங்களுக்கு ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் போட்டுக் காட்டினார்கள். ஜேம்ஸ் ராபர்ட்சன் 1952-இல் எடுத்தது. இரண்டரை வயதுகூட நிரம்பாத ஒரு சிறுமி 8 நாள் மருத்துவமனையில் தனியாக இருக்கிறாள். அந்தக் காலத்தில் அங்கே பெற்றோர் கூட இருக்க முடியாது, பார்க்க வரும் நேரமும் கொஞ்சம்தான். அவள் ஓயாமல் அழுது அடம்பிடிக்கவில்லை. அதுதான் படத்தின் பயங்கரம். பொம்மையைப் பிடித்துக்கொண்டு, அழுகையை விழுங்கிக்கொண்டு, பெரிய மனுஷி போல நடந்துகொள்கிறாள். அம்மா வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். "நல்ல பிள்ளை, தொந்தரவே இல்லை" என்று நாங்கள் எத்தனை குழந்தைகளைப் பற்றிக் குறிப்பேட்டில் எழுதியிருப்போம்! அந்தப் படத்துக்குப் பிறகு அந்த வரியை என் கை எழுதவில்லை.

ராபர்ட்சன் ஜான் பௌல்பியோடு வேலை செய்தவர். பௌல்பி பயிற்சி பெற்ற உளப்பகுப்பாய்வாளர். அவருக்கு மேற்பார்வையாளராக இருந்த மெலனி க்ளைன், சிகிச்சையில் இருந்த ஒரு பையனின் அம்மாவோடு பேசக் கூடாது என்று அவரைத் தடுத்தாராம். குழந்தையின் உள்ளுலகம் மட்டும் போதும் என்பது அவர் கொள்கை. பௌல்பியால் அதை ஏற்க முடியவில்லை. குழந்தைக்கு உண்மையில் என்ன நடந்தது, யார் பிரிந்தார்கள், யார் திரும்பி வந்தார்கள் என்பதைப் பார்க்க வேண்டும் என்று நின்றார். பிறகு மேரி ஐன்ஸ்வொர்த் ஒரு வயதுக் குழந்தைகளை வைத்து, அம்மா சற்று வெளியே போய்த் திரும்பி வரும் 20 நிமிடச் சோதனையை வடிவமைத்தார். பிரியும்போது அழுவதைவிட, அம்மா திரும்பி வந்ததும் குழந்தை என்ன செய்கிறது என்பதுதான் அங்கே அதிகம் சொல்கிறது.

பொய்யாக்க முடியாது என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். பௌல்பியிடமிருந்து பிறந்த இந்தப் பிணைப்புக் கோட்பாடு உளப்பகுப்பாய்வு என்ற வீட்டிலிருந்து கோபித்துக்கொண்டு போன பிள்ளைதான். ஆனாலும் இந்த வீட்டுப் பிள்ளை. அதைச் சோதிக்க முடிந்தது, வார்டுகளின் கதவும் பெற்றோருக்குத் திறந்தது.

---

மழைக்குருவி

இரவுப்பணி அக்கா எழுதியதைப் படித்துக் கண் கலங்கியது. ஆனால் அதே வீட்டிலிருந்து எங்களுக்கு வந்தது வேறு. அதையும் எழுத வேண்டும்.

என் மகனுக்கு ஆட்டிசம். மூன்று வயதில் ஒருவரிடம் அழைத்துப் போனோம். அவர் என் மனைவியிடம் கேட்ட முதல் கேள்வி: "கர்ப்பமாக இருந்தபோது இந்தக் குழந்தை வேண்டும் என்று உண்மையிலேயே நினைத்தீர்களா?" அதற்குப் பிறகு இரண்டு வருடம் அவள் தினமும் தன்னையே விசாரித்துக்கொண்டிருந்தாள். மகனைத் தூக்கும்போதுகூட, சரியாகத் தூக்குகிறேனா, அன்பு கையில் தெரிகிறதா என்று பயந்தாள்.

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று பிறகு தேடிப் படித்தேன். தாயின் பாசமற்ற போக்குதான் குழந்தையை உள்ளே பூட்டுகிறது என்ற கருத்தைப் புரூனோ பெட்டல்ஹைம் 1967-இல் எழுதிய புத்தகம் ஊரெல்லாம் பரப்பியது. அதற்கு 3 வருடம் முன்பே, 1964-இல், பெர்னார்டு ரிம்லண்ட் ஆட்டிசத்தின் வேர் உயிரியலில் இருக்கிறது என்று எழுதியிருந்தார். அவரும் ஆட்டிசம் உள்ள ஒரு பையனின் அப்பா. எத்தனை தாய்மார்கள் அந்த ஆண்டுகளில் தங்களைக் குற்றவாளியாக நினைத்தே வாழ்ந்திருப்பார்கள்.

ஒருபாலீர்ப்பு விஷயத்திலும் இப்படித்தான். 1935-இல் ஒரு தாய்க்கு எழுதிய கடிதத்தில் ஃபிராய்டு அது நோய் அல்ல, வெட்கப்பட ஒன்றுமில்லை என்றார். அவருக்குப் பின் வந்த அமெரிக்க உளப்பகுப்பாய்வாளர்கள் பலர் அதை நோயாக்கி "குணப்படுத்த" முயன்றார்கள். 1973-இல்தான் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் அதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது.

என் கோரிக்கை இதுதான். மனதைப் படிக்கத் தெரிந்தவர் என்ற அதிகாரம் ஒருவருக்குக் கிடைத்தால், எதிரில் இருப்பவரால் எதிர்த்துப் பேச முடியாது. ஆழ்கிணறு சொன்ன அந்த "இருக்கலாம்" எங்களுக்குக் கிடைத்திருந்தால் இரண்டு வருடம் வீணாகியிருக்காது.

---

ஆழ்கிணறு

மழைக்குருவி, உங்கள் மனைவியிடம் கேட்டது தவறான கேள்வி. என் துறையில் இருப்பவன் என்ற முறையில் வருந்துகிறேன். வேறு எதையும் இங்கே சேர்த்து இதை லேசாக்க விரும்பவில்லை.

---

சான்றுதேடி

ஆராய்ச்சிக் கட்டுரைகள் வாசிப்பது என் வேலை. இரண்டு கேள்விகள் இங்கே ஒன்றோடொன்று கலந்துவிட்டன, பிரித்துக்கொள்வோம்.

மனதின் பெரும்பகுதி நமக்குத் தெரியாமல் நடக்கிறதா? இதில் இன்று சர்ச்சை இல்லை. 1911-இல் க்ளாபரேட் என்ற சுவிஸ் உளவியலாளர், புதிதாக எதையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாத ஒரு பெண்ணோடு கைகுலுக்கும்போது கைக்குள் ஓர் ஊசியை மறைத்து வைத்திருந்தார். ஊசி குத்தியது சற்று நேரத்தில் அவளுக்கு மறந்துபோனது. ஆனால் அவர் மீண்டும் கை நீட்டியபோது தன் கையை இழுத்துக்கொண்டாள். ஏன் என்று அவளாலேயே சொல்ல முடியவில்லை. நீர்முள்ளி மேலதிகாரி முகத்தைப் பார்க்காமல் இருப்பதை வாசித்ததும் எனக்கு அந்தக் கைதான் நினைவுக்கு வந்தது. 1987-இல் டேனியல் வெக்னர், "வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள்" என்று சொல்லிப் பார்த்தார். அடக்கி வைத்தவர்களுக்குத் தடை நீங்கியதும் கரடி இன்னும் அதிகமாக வந்தது. எண்ணத்தைத் தள்ளினால் திரும்பி வரும் என்பதற்கு இது சான்று. ஆனால் ஃபிராய்டு சொன்ன அளவுக்கு, ஒரு கொடிய நிகழ்வு முழுதாக மறைந்து 20 வருடம் கழித்து அப்படியே மீண்டு வரும் என்பதற்கு இது சான்றாகாது. 1980, 90-களில் "மீட்டெடுத்த நினைவுகள்" என்ற பெயரில், சிகிச்சையில் திரும்பி வந்ததாகச் சொன்ன நினைவுகளை அப்படியே நம்பியதும், நடக்காத நினைவை உண்டாக்க முடியும் என்று எலிசபெத் லாஃப்டஸ் காட்டியதும் மறக்கக் கூடாதவை.

சிகிச்சை பயன்படுகிறதா என்பது அடுத்தது. 1952-இல் உளவியலாளர் ஐசென்க், சிகிச்சையே இல்லாமலும் மூன்றில் இரண்டு பங்கினர் தேறுகிறார்கள், உளப்பகுப்பாய்வில் 44 சதவீதம்தான் என்று கணக்குப் போட்டார். நடுவில் நிறுத்தியவர்களைத் தேறாதவர்கள் கணக்கில் சேர்த்ததால் வந்த எண் அது. அந்த அடி நல்லதற்கே ஆயிற்று, முறையான சோதனைகள் வந்தன. 2017-இல் ஸ்டைனர்ட்டும் குழுவினரும் 23 சோதனைகளை, 2,751 பேரை, ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். உளவியக்க சிகிச்சை, சான்று பெற்ற மற்றச் சிகிச்சைகளுக்குச் சமமான பலன் தருகிறது என்று வந்தது. மேல் என்று இல்லை. கீழ் என்றும் இல்லை. நீர்முள்ளி, உங்கள் நண்பரிடம் இதைச் சொல்லலாம்.

தற்காப்புகள் பற்றி ஒரு வார்த்தை. 1938-இல் ஹார்வர்டில் தொடங்கி, மாணவர்களை முதுமை வரை தொடர்ந்த ஆய்வு ஒன்று உண்டு. ஜார்ஜ் வேலண்ட் அதில் ஒவ்வொருவரும் கஷ்டத்தை எப்படிச் சமாளித்தார்கள் என்று பார்த்தார். பழியை அடுத்தவர்மேல் போடுவது, நடந்ததை மறுப்பது போன்றவற்றிலிருந்து, நகைச்சுவை, பிறருக்கு உதவுவது, முன்கூட்டியே தயாராவது போன்ற முதிர்ந்த வழிகளுக்கு நகர்ந்தவர்களின் வாழ்க்கை நன்றாக அமைந்தது என்று 1977-இல் எழுதினார். குணம் கல்லில் செதுக்கியது இல்லை, நடு வயதிலும் நகர்கிறது.

---

எரிகல்

2017 ஆய்வை வாசித்தேன். "வீண்" என்ற பொருளில் நான் முதலில் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். சிகிச்சை பயன்தரலாம். ஆனால் மருந்து வேலை செய்கிறது என்பதால் மருந்துச் சீட்டில் எழுதிய விளக்கம் உண்மையாகிவிடாது. அவர் குணமாவது நனவிலி வெளிச்சத்துக்கு வந்ததாலா, ஒருவர் ஒரு வருடம் கவனமாகக் கேட்டதாலா? இதற்குப் பதில் வராதவரை என் சந்தேகம் அப்படியே இருக்கும்.

இரவுப்பணி அக்கா சொன்ன படத்தையும் பார்த்தேன். அந்தக் குழந்தை முகத்தைத் திருப்பும் இடத்தில் நிறுத்திவிட்டு எழுந்து போய், கொஞ்ச நேரம் கழித்துத்தான் மிச்சத்தைப் பார்த்தேன்.

---

நீர்முள்ளி

எல்லாருக்கும் நன்றி. பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது.

"நாலாவது கதை அதே மாதிரி தொடங்குகிறதா" என்ற வரி மனதை விட்டுப் போகவில்லை. அடுத்த அமர்வில் உட்கார்ந்து பத்து நிமிடம் பேசவே இல்லை. பிறகு சொல்லிவிட்டேன், அவர் தாமதமாக வந்த அன்று எனக்குக் கோபம் என்று. சொல்லும்போது கால் நடுங்கியது. அவர் தன்னை விளக்கிக்கொள்ளவும் இல்லை, என்னைப் பாராட்டவும் இல்லை. "சொன்னால் என்ன ஆகும் என்று நினைத்திருந்தீர்கள்?" என்று மட்டும் கேட்டார்.

"நீங்கள் பேசாமல் போய்விடுவீர்கள்" என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. என் அப்பா அடித்ததில்லை, திட்டியதில்லை. ஏதாவது தப்புச் செய்தால் பேச்சை நிறுத்திவிடுவார். நாலு நாள், ஐந்து நாள். எது தப்பு என்றும் சொல்ல மாட்டார். திரும்பப் பேச ஆரம்பிக்கும்போதும் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். அதைத் துன்பம் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அமைதியான வீடு என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

எரிகல், நீங்கள் கேட்டதை நானும் அவரிடம் கேட்டேன். அப்பாவின் மௌனம்தான் காரணம் என்று எப்படித் தெரியும், இன்றைக்கு நான் தைத்துக்கொண்ட கதையாக இருக்கலாமே என்று. "இருக்கலாம். தைத்த கதையாக இருந்தால் போகப் போக உங்களுக்கே இறுக்கிப் பிடிக்கும், அப்போது பிரித்துவிடலாம்" என்றார். மழைக்குருவி, உங்கள் பதிவைப் படித்திருந்ததால்தான் அந்தக் கேள்வியைக் கேட்கத் துணிந்தேன். அப்பாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு விருப்பமில்லை. அவரையும் யாரோ அப்படித்தான் வளர்த்திருப்பார்கள்.

போன செவ்வாய்க்கிழமை மேலதிகாரி ஒரு கணக்குத் தவறைச் சுட்டிக்காட்டினார். ராத்திரி தூக்கம் வரவில்லை. ராஜினாமாக் கடிதத்தை எழுதினேன், அந்த வரியோடு சேர்த்தே. காலையில் அனுப்பவில்லை. அதற்குப் பதில் அவர் அறைக்குப் போய், எந்தக் கணக்கு என்று காட்டச் சொன்னேன். இரண்டு நிமிடம் காட்டினார். முகத்தைப் பார்க்க முடியவில்லை, திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடிதம் இன்னும் வரைவில் இருக்கிறது. வியாழக்கிழமை அமர்வுக்கு அதை அச்செடுத்துக் கொண்டுபோகிறேன்.